ஏழு ராத்திரிக்கு என்ன விலை?

தங்கை மகன் கூப்பிட்டபோது அவன் கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

"பெரியம்மா, ஹாலிடே மெம்பர்ஷிப் ஒண்ணு எடுத்துட்டோம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு, வருஷம் ஏழு ராத்திரி. வீட்டுக்கு வந்தப்புறம் அவசரப்பட்டுட்டோமோன்னு இருக்கு."

சென்னையில் ஏதோ ஒரு மாலில் கூப்பன் நிரப்பியிருக்கிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வந்திருக்கிறது. போனால் மூன்று மணி நேரம் பேச்சு, நடுவில் சாப்பாடு, குழந்தை படம் வரைய ஒரு மூலை. கடைசியில், "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் சார்." ஹெட்போன் வாங்கவே நாலு கடையில் விலை விசாரிக்கிற பையன், ஐந்து லட்சத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லிப் படித்தேன். உள்ளே பொடி எழுத்தில், பத்து நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்பும் என்று இருந்தது. ஆறு நாள் மிச்சம். கூட்டுறவு வங்கியில் கடன் மனு பார்த்தே தலை நரைத்தவள் நான். ஆறு நாள் எனக்குத் தாராளம். அந்த ஆறு நாளில் நாங்கள் போனில் போட்ட கணக்கும் சண்டையும்தான் கீழே இருப்பது. இதே மேஜைக்கு முன்னால் உட்காரப் போகிற வேறு யாருக்காவது உதவலாம்.

வாங்கியது வீடு இல்லை

அவன் மனசில் இருந்தது ஒரு வீடு. "கொடைக்கானல்ல நமக்குன்னு ஒரு இடம்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். அந்த நினைப்பை முதலில் கழற்ற வேண்டியிருந்தது.

இந்த மாதிரி மெம்பர்ஷிப்புக்குப் பொதுப்பேர் டைம்ஷேர்: ஒரே விடுதியைப் பலர் வருஷத்தில் ஆளுக்குச் சில நாள் என்று பங்கிட்டுக்கொள்வது. இந்த யோசனை 1960-களில் ஐரோப்பாவில் முளைத்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி, அறையை வாடகைக்கு எடுக்காதீர்கள், விடுதியையே வாங்குங்கள், அதுதான் மலிவு என்று விளம்பரம் செய்தது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற அமைப்பு, பலர் பணம் போட்டு விடுமுறை வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. அமெரிக்காவில் இது பத்திரமாகவே ஆகிவிட்டது. ஃபுளோரிடாவில் ஒரு அறையின் இருபத்தேழாவது வாரம் உங்கள் பேரில் பதிவாகும். விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் பராமரிப்புக் கட்டணமும் அந்தப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். அதனால்தான் அங்கே ஒரு டாலருக்குத் தருகிறேன் என்றாலும் வாங்க ஆளில்லாத வாரங்கள் இணையத்தில் கிடக்கின்றன.

நம் பக்கம் இதைக் கொண்டுவந்தது சென்னையில் 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங். கொடைக்கானலில்தான் அதன் முதல் விடுதி. எண்பதுகளின் கடைசியில் மாதச் சம்பளக்காரர்கள் வீட்டில் அந்தப் பேர் அடிபடாத நாளில்லை. அடுத்த பத்தாண்டில் நிறுவனம் பண நெருக்கடியில் மாட்டியது. பிறகு 2014-ல் தாமஸ் குக் இந்தியா வாங்கிக்கொண்டது. மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்தது. இருபத்தைந்து வருஷம், வருஷம் ஏழு ராத்திரி என்ற கணக்கை ஊரெல்லாம் பரப்பியது அவர்களுடைய கிளப் மஹிந்திராதான்.

இங்கே பெரும்பாலும் பத்திரம் கிடையாது. கிடைப்பது தங்கும் உரிமை மட்டும். காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது. இதை ஒரு குறையாகவே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்கக்காரன் பேரன் தலையில் கட்டணத்தை ஏற்றிவிட்டுப் போகிறான். நம் ஆளுக்கு ஒரு நாள் விடுதலை உண்டு. ஆனால் 'சொத்து', 'முதலீடு' என்ற வார்த்தையை எந்த விற்பனையாளர் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இருபத்தைந்து வருஷ அறை வாடகையை முன்கூட்டிக் கட்டுகிறீர்கள், அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

கணக்கு

முன்பணம் கட்டினால் வாடகை குறைய வேண்டும். குறைகிறதா?

அவனுக்குச் சொன்ன விலை 5 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 5,90,000 ரூபாய். இது போக வருஷா வருஷம் பராமரிப்புச் சந்தா. மெம்பர்கள் ஏ.எஸ்.எஃப். என்பார்கள். வரி சேர்த்து முதல் வருஷம் 20,000 என்று வைத்துக்கொண்டோம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புக்கிங் கிடையாது, பாக்கிக்கு வட்டியும் ஏறும்.

சந்தா ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இருபத்தைந்தாவது வருஷம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 81,000. சந்தாவாக மட்டும் மொத்தம் கட்டியிருப்பது 11 லட்சத்துக்குப் பக்கம், அதாவது மெம்பர்ஷிப் விலையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "இதை யாரும் சொல்லலையே!" என்றான். மூன்று மணி நேரப் பேச்சில் சந்தாவைப் பற்றி இரண்டே நிமிஷம்தான் பேசியிருப்பார்கள்.

ஆனால் இந்த இடத்தில் பயந்து ஓடினால் அதுவும் தப்புக் கணக்கு. இருபத்தைந்து வருஷத்தில் ஓட்டல் வாடகையும் அதே வேகத்தில்தான் ஏறும். அதனால் எல்லாவற்றையும் இன்றைய பணத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வங்கி வட்டி 7 சதவீதம், சந்தாவும் அறை வாடகையும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றம் என்று எடுத்தால், ஒரு ராத்திரி அவனுக்கு இன்றைய விலையில் சுமார் 6,600 ரூபாய் விழுகிறது. சாப்பாடு தனி. இதே தரத்து அறை வெளியில் வரியோடு 6,600-க்கு மேல் இருந்தால் மெம்பர்ஷிப் லாபம். குறைவாகக் கிடைத்தால் நஷ்டம். மே மாத ஊட்டியில் நல்ல ரெசார்ட் ஒன்றில் அந்த விலைக்கு அறை கிடைப்பது சிரமம். ஆக, பொருள் மோசமில்லை. உங்களுக்குச் சொன்ன விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், எண் மாறும்.

ஆனால் இந்த 6,600 ஒரு ராத்திரிகூட விடாமல், இருபத்தைந்து வருஷமும் ஏழு ஏழாகத் தங்கினால்தான். மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் போகவில்லை என்றாலே ராத்திரி விலை 9,900-ஐத் தாண்டும். பாதிதான் போனீர்கள் என்றால் 13,000-க்கு மேல்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி விலை என்ன என்பதில்லை. எத்தனை ராத்திரி படுப்பீர்கள்?

அவனிடம் கேட்டேன். "வருஷா வருஷம் போவோம் பெரியம்மா." சரி, கடந்த அஞ்சு வருஷத்தில் சொந்தக் காசில் விடுதியில் தங்கின ராத்திரிகளை எண்ணு என்றேன். போனில் இருக்கிற போட்டோவைத் தேதிவாரியாகப் பார்த்து எண்ணினான். பதின்மூன்று. அதில் நாலு திருச்செந்தூரும் ராமேஸ்வரமும். அவன் ரெசார்ட் பட்டியலில் அந்த இரண்டு ஊரும் இல்லை. மிச்சம் ஒன்பது. முப்பத்தைந்துக்கு ஒன்பது. அந்த வேகத்தில் போனால் ஒரு ராத்திரி 25,000 ரூபாய்க்கு மேல்.

எங்கள் வீடுகளில் லீவு எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. குலதெய்வம் கோயில் கொடை, இரண்டு பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, யாருக்காவது ஆஸ்பத்திரி. அவன் மகளுக்கு இப்போது நாலு வயசு. பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு என்று வந்தால் மூன்று மே மாதம் அப்படியே போகும். நீட் தேர்வே மே மாதத்தில்தான்.

இந்த இடத்தில் அவன் மனைவி போனை வாங்கினாள். அவள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "பெரியம்மா, போகாததுக்குக் காரணமே காசுதான். ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம்னு பார்த்ததும் இவர் 'அடுத்த வருஷம் பாக்கலாம்'னு மூடி வெச்சுடுவார். முன்னாடியே கட்டிட்டா போயே ஆகணும்ல?" சீட்டுக் கட்டுகிற மாதிரி, கட்டாயத்துக்காகவே வாங்குவது. உண்மைதான். விடுமுறை என்ற ஒன்றை வீட்டில் நிலைநிறுத்த இதைவிடக் கெட்டியான வழி எனக்குத் தெரியாது. பல குடும்பங்களுக்கு டைம்ஷேர் கொடுத்த பெரிய நன்மை இந்தக் கட்டாயம்தான், ரெசார்ட்டின் நீச்சல்குளம் இல்லை. "லீவு உங்க ரெண்டு பேர் கையில இருக்கா, மேனேஜர் கையில இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

நிறம்

அவன் வாங்கியிருந்தது ஒயிட் சீசன். இந்தத் தொழிலில் வருஷத்தை நிறம் பிரித்து விற்கிறார்கள். கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று இறங்கும். பர்ப்பிள் என்றால் உச்சம்; எல்லாரும் போக ஆசைப்படும் வாரங்கள். கீழே போகப் போக விலை குறையும், கூட்டமும் குறையும். ஒரே வாரம் ஒரு மலையில் பர்ப்பிளாக இருக்கும், கோவாவில் வேறு நிறமாக இருக்கும். தன் நிறத்துக்கு மேலே ஏறி புக் செய்வது சுலபமில்லை, கீழே இறங்கலாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு ஏப்ரல், மே, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் தவிர வேறு காலமே கிடையாது. அது எல்லாம் மேல் நிறம். விலை தாங்கவில்லை என்று கீழ் நிறம் வாங்கினால், கொடைக்கானல் மழையில் நனைகிற வாரம் உங்களுக்குக் காத்திருக்கும், பிள்ளைக்குக் காலாண்டுப் பரீட்சை இருக்கும். என் தங்கை மகன் அதைத்தான் செய்திருந்தான். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது. விலை இரண்டாவது.

சரியான நிறம் வாங்கினாலும் மே முதல் வாரத்துக்குப் பல மாதம் முன்னாடியே புக் செய்ய வேண்டும். எல்லா மெம்பர்களும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள். இப்போது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போனால் இ-பாஸ் வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ரெசார்ட்டில் அறை உறுதியானதும் பாஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறையின் அளவும் கவனிக்க வேண்டியது. ஸ்டூடியோ என்றால் புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். என் தங்கையும் கூட வருவாள் என்றால் இன்னொரு அறைக்குக் காசு. அடுப்பு உள்ள அறையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கிற ரெசார்ட்டில் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டால், இலவசமாக வந்த அறையின் வாடகையைச் சாப்பாட்டு பில்லில் கட்டிவிட்டு வருவீர்கள்.

மற்ற வழிகள்

போகிறபோது காசு கொடுத்துத் தங்குவது. என் ஓட்டு இதற்குத்தான். சலிப்பான பதில் என்று தெரியும். மாதம் 5,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பு ஒன்று போட்டால் வருஷத்துக்கு 60,000 சேரும். ஐந்து லட்சத்துக்கு வங்கி தரும் வட்டி தனியாக அசலோடு நிற்கும். ராத்திரிக்கு 7,500 வரைக்குமான அறைக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மெம்பர்ஷிப்புக்கும் சந்தாவுக்கும் 18. போகாத வருஷம் ஒரு பைசா செலவில்லை. குடகில் காபித் தோட்டத்து ஹோம்ஸ்டேயும் கிடைக்கும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் கிடைக்கும். கெட்டது என்னவென்றால், போட்டோவில் ஒன்று, நேரில் ஒன்று. நல்ல டைம்ஷேர் விடுதியில் தரம் ஓரளவு நிச்சயம். குழந்தையையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குப் போய் இறங்குகிறவர்களுக்கு அந்த நிச்சயத்தின் அருமை தெரியும்.

மலையில் சொந்த வீடு. இதை நினைத்துப் பார்க்காத வங்கிக்காரர் இல்லை. எங்கள் கிளையில் ஒருவர் கொடைக்கானல் பக்கம் இடம் வாங்கினார். மலைப்பகுதியில் கட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. அதற்கெனத் தனி விதிகள், தனி ஆணையம். அதையெல்லாம் தாண்டிக் கட்டினால் பாசி, ஈரம், காட்டெருமை, காவலாளி சம்பளம். அவர் ஒவ்வொரு முறையும் லீவு எடுத்து அங்கே போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்தார். ஆனால் அது நிலம். அவர் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் இதற்கும் பேச்சே இல்லை, ஒப்பிடுவதே தவறு.

மூன்றாவது வழியை யாரும் மாலில் நின்று விற்கமாட்டார்கள்: வேறொருவர் கைவிடும் மெம்பர்ஷிப்பை மாற்றி வாங்குவது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வருஷம் மிச்சமுள்ள மெம்பர்ஷிப்புகள் சும்மா கிடக்கின்றன. புதிதின் விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. மாற்றுக் கட்டணம் எவ்வளவு, பாக்கிச் சந்தா ஏதும் உண்டா, மாற்றினால் பழைய நிறமும் சலுகையும் அப்படியே வருமா, இதையெல்லாம் விற்பவரிடம் கேட்காமல் நிறுவனத்திடமே எழுத்தில் வாங்க வேண்டும். இதே சந்தையில்தான் மோசடியும் உலவுகிறது. "உங்கள் பழைய மெம்பர்ஷிப்பை நாங்கள் விற்றுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தங்காவிட்டால் காலம் முடிந்ததும் பணம் பெருகித் திரும்பி வரும் என்று விற்ற 'டைம்ஷேர்'களும் இருந்தன. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் அப்படி 51 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி 2016-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது. தங்கும் உரிமையை விற்பது ஒரு வியாபாரம். தங்காததற்குக் காசு தருகிறேன் என்பது வேறு வியாபாரம். இரண்டாவதன் பக்கமே போகாதீர்கள்.

யாருக்குச் சரி

என் தோழி ஒருத்தி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவள் கணவரும் ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக மெம்பர்கள். ஒரு ராத்திரி வீணாக்கியதில்லை. அவர்கள் நிறம் நடுத்தரம். ஆனால் அவர்களுக்கு மே மாதம் எதற்கு? ஆகஸ்டில், செவ்வாய்க்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருமுன் திரும்பிவிடுவார்கள். ரயில் டிக்கெட் மாதிரி, புக்கிங் திறக்கிற அன்று காலை உட்கார்ந்துவிடுவாள். தன்னால் போக முடியாத வருஷம் மகளை அனுப்புவாள். ஆர்.சி.ஐ. என்று 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. நம் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு நாட்டு விடுதியில் தங்கலாம். அதற்கும் தனிக் கட்டணம் கட்டித் தாய்லாந்து போய் வந்தாள். அவளிடம் போய் டைம்ஷேர் நஷ்டம் என்று சொன்னால் சிரிப்பாள். அவள் கணக்கில் அது லாபமேதான்.

அவளுக்கும் என் தங்கை மகனுக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்காட்டிதான் வேறு.

எட்டாவது நாள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவருக்கு மனசு மாற 14 நாள் சட்டமே தருகிறது. அந்த நாட்களில் முன்பணமே வாங்கக் கூடாது. ஃபுளோரிடாவில் 10 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவும், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் துணை. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. விற்பனையாளர் வாயால் சொன்ன எதையும் நிரூபிக்க முடியாது என்பதால், கையெழுத்துக்கு முன்னாலேயே ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். சந்தா எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

எட்டாவது நாள் காலையில் அவன் மின்னஞ்சல் அனுப்பினான். அதையே அச்செடுத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் போடச் சொன்னேன். ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அன்று மத்தியானமே போன் வந்துவிட்டது. இன்னும் நாற்பதாயிரம் குறைத்துத் தருகிறோம் என்றார்களாம். 'இன்னிக்கு மட்டும்தான்' என்ற விலைக்கும் கீழே ஒரு விலை இருந்திருக்கிறது. சாயங்காலம் இன்னொருவர், இரண்டு ராத்திரி கூடுதலாகத் தருகிறோம் என்றார். அவன் கொஞ்சம் ஆடித்தான் போனான். மனைவிதான் போனை வாங்கி வைத்தாளாம்.

பணம் ஐந்து வாரம் கழித்து, இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது. அவள் தன் பேரில் தொடர் வைப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். வங்கிச் செயலியில் அதற்கு 'மலை' என்று பேர் வைத்திருக்கிறாளாம். வருகிற மே மாதம் ஏற்காடு, மூன்று ராத்திரி. நீங்களும் வாங்க என்கிறாள். இரண்டாவது அறைக்குக் காசு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.